ஆலன் டூரிங்

ஆலன் மாத்திசன் டூரிங் (ஜூன் 23, 1912 – ஜூன் 7, 1954) ஓர் ஆங்கிலேயக் கணிதவியலாளரும் கணினியியல் முன்னோடியும் ஆவார். நிரலை மாற்றுவதன் மூலம் ஒரே பொறியைக் கொண்டு எந்தக் கணிப்பையும் செய்ய இயலும் என்று காட்டியவர். ஆட்டத்திற்கென உருவாகும் ஆட்டப் பொறிக்கும் பல பணிகளுக்கான தனியாள் கணினிக்கும் உள்ள உறவை விளங்கிக்கொள்ள இவரது கருத்துகள் உதவுகின்றன.

குடும்பமும் தமிழகத் தொடர்பும்

தந்தை ஜூலியஸ் டூரிங் சென்னை மாகாணத்தில் இந்தியக் குடிமைப் பணி அலுவலராக இருந்தார். தாய் எத்தல் சாரா ஸ்டோனி 1881 இல் போத்தனூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் எட்வர்டு வாலர் ஸ்டோனி மதராஸ் இரயில்வேயின் தலைமைப் பொறியாளராக விளங்கினார். தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் வழியே போத்தனூர் செல்லும் இருப்புப்பாதை அந்நிறுவனம் அமைத்ததாகும். அண்ணன் ஜான் 1908 இல் குன்னூரில் பிறந்தார். ஆலன் இலண்டனில் பிறந்தார். பெற்றோர் இந்தியாவில் இருந்த காலத்தில் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தினரிடம் வளர்ந்தார்.

பொதுப் பொறி

கேம்பிரிட்ஜில் பயின்ற டூரிங், 1936 இல் பொதுப் பொறி என்னும் கருத்தை முன்வைத்தார். வேறொரு பொறியின் விவரிப்பை இப்பொறிக்குக் கொடுத்தால், அது அப்பொறியைப் போலவே இயங்கும். பழைய ஆட்டப் பொறிகளின் ஆட்டங்களைக் கணினியில் இயக்கும் போன்மிகள் இதே அடிப்படையில் அமைந்தவை. எனினும், இயலும் என்பது விரைவாக இயலும் என்று பொருள்படாது. போன்மிக்கு மூலப் பொறியைவிட மிகுந்த வேகம் தேவைப்படுகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது பிளெட்ச்லி பார்க்கில் செருமானிய எனிக்மா குறியீடுகளை உடைக்கும் பணியில் இவர் முதன்மைப் பங்காற்றினார்.

சதுரங்க நிரல்

1948 இல் டேவிட் சாம்பர்நவுனுடன் இணைந்து சதுரங்கம் ஆடும் நிரலை வகுத்தார். அதனை இயக்கவல்ல கணினி அப்போது இல்லை. ஆகவே 1952 இல் அலிக் கிளென்னியுடன் ஆடியபோது, ஒவ்வொரு நகர்வையும் தாமே தாளில் கணித்தார். அவ்வாட்டத்தில் நிரல் தோற்றது.

1951 இல் ஃபெராண்டி நிறுவனம் காட்சிக்கு வைத்த நிம்ரோடு, நிம் என்னும் ஆட்டத்துக்கென்றே உருவான பொறியாகும். மாறாக, கிறித்தோபர் ஸ்ட்ரேச்சி பொதுப் பயன்பாட்டுக் கணினிக்கு டிராஃப்ட்ஸ் ஆட்ட நிரலை எழுதினார். பைலட் ஏஸ் கணினிக்கு எழுதிய அந்நிரலை மான்செஸ்டர் கணினிக்காக மீண்டும் எழுத வேண்டியிருந்தது. இரண்டின் கட்டளைகளும் வெவ்வேறானவை. இதே ஒவ்வாமை பின்னாளிலும் தொடர்ந்தது. 2013 இல் வெளியான பிளேஸ்டேசன் 4, தனியாள் கணினிகளைப் போன்ற செயலியைக் கொண்டிருந்தும், வேறு வகைச் செயலியுடைய பிளேஸ்டேசன் 3 இன் வட்டுகளை இயக்கவில்லை.

தண்டனையும் மறைவும்

தற்பாலுறவு அன்று பிரித்தானியாவில் குற்றமாக இருந்தது. 1952 இல் தண்டிக்கப்பட்ட டூரிங், சிறைக்கு மாற்றாக இயக்குநீர் ஊசிகளை ஏற்க நேர்ந்தது. அரசின் மறைபொருள் பணிகளுக்கான அனுமதியும் பறிக்கப்பட்டது. 1954 இல் சயனைடு நஞ்சால் 41ஆம் அகவையில் இறந்தார். மரண விசாரணை அதனைத் தற்கொலை என்று முடிவு செய்தது. 2009 இல் பிரித்தானியப் பிரதமர் மன்னிப்புக் கோரினார். 2013 இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது.

2012 இல் நடந்த நூற்றாண்டு விழாவில், இவரது சதுரங்க நிரல் தற்காலக் கணினியில் இயக்கப்பட்டுக் காரி காஸ்பரோவுடன் ஆடியது. காஸ்பரோவ் 16 நகர்வுகளில் வென்றார்.