உ.வே.சா. ஓட்டிய பைப்லைன்

நொச்சிக்குப்பத்துல இருந்து பீச் ரோட்டுல வடக்கே போனா, லைட் ஹவுஸ் தாண்டி மாநிலக் கல்லூரி வளாகத்துல கடலைப் பார்த்து ஒரு சிலை நிக்கும். உ.வே.சாமிநாதையர். ஸ்கூல்ல 'தமிழ்த் தாத்தா'ன்னு ரெண்டு மார்க்குக்குப் படிச்சதோட நாம விட்டுட்டோம். ஆனா டெக்ஸ்ட் ப்ராசஸிங்ல அவர் நமக்கெல்லாம் சீனியர்.

1855-ல் பிறந்தார்; சொந்த ஊர் கும்பகோணம் பக்கம் உத்தமதானபுரம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தார். 1880-ல், 25 வயசுல, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அதே வருஷம் சேலம் இராமசாமி முதலியார்ங்கிற முன்சீப், சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னு கேட்டார். படிச்சதில்லை. அதுலதான் எல்லாம் ஆரம்பம்.

நாம பைத்தான்ல ஃபைலைத் திறந்தா வரி வரியா வந்து விழும். ஓலையில நியூலைனே கிடையாது. பாட்டும் உரையும் ஒட்டிக்கிட்டு ஓடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரமா ஏகாரமா, காலா ரகரமா, பார்த்தா தெரியாது. அதனால முதல் வேலை ஸ்ப்ளிட். அடுத்து மேப்: ஒவ்வொரு அடிக்கும் அதே விதி, புள்ளி வை, சீர் பிரி. யாப்பு இடிச்சா அந்த வாசிப்பு தப்பு. அதுதான் டெஸ்ட் கேஸ்.

நச்சினார்க்கினியர் உரையில காட்டுற ஒரு மேற்கோள் எந்த நூல்ல வருது? நமக்கு ஒரு ஃபில்டர், ஒரு லேம்ப்டா, முடிஞ்சது. அவர் கையாலேயே சொல் அகராதி எழுதி வச்சுத் தேடினார். சிந்தாமணி சமணக் காப்பியம்ங்கிறதால கும்பகோணத்து ஜைனர்கள் வீட்டுக்கே போய்ப் பாடம் கேட்டார்.

ரெட்யூஸ் மட்டும் அவர் நம்மள மாதிரி செய்யலை. பல பிரதிகளை ஒப்பிட்டு ஒரு பாடத்தை எடுத்தாலும், மத்ததைத் தூக்கிப் போடாம பிரதிபேதம்னு அடிக்குறிப்புல வச்சார். ஒரிஜினல் ஓலையில கை வைக்கிறதே இல்லை. இம்யூட்டபிள்னு நாம வைவாவுக்கு மனப்பாடம் பண்றது இதைத்தான்.

இன்புட் போனா ரீரன் கிடையாது. கரிவலம்வந்தநல்லூர் கோயில்ல ஏடு தேடிப் போனப்போ, பழைய ஏடுகளை ஹோமத் தீயில போட்டாச்சுன்னு தெரிஞ்சது. அதுல என்னென்ன நூல் இருந்ததோ, யாருக்கும் தெரியாது.

மிஞ்சினதுல 1887-ல் சிந்தாமணி, 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை அச்சாச்சு. 1903-ல் மாநிலக் கல்லூரிக்கு வந்தார், 1919-ல் ஓய்வு. திருவல்லிக்கேணி வீட்டுல இருந்து பதிப்பு வேலை தொடர்ந்தது. 1942-ல் திருக்கழுக்குன்றத்தில் காலமானார். அவர் சேர்த்த ஓலைகள் இப்போ பெசன்ட் நகர்ல, அவர் பேர்ல இருக்கிற நூலகத்துல இருக்கு.