நந்தனார் பள்ளி கண்ட சகஜானந்தர்

சிதம்பரம் என்றதும் தில்லைக்கூத்தன் எல்லார் நினைவுக்கும் வருவான்; எனக்கோ ஓமக்குளத்தில் கல்விக்கூடம் கண்ட சுவாமி சகஜானந்தரும் உடன் வருவார்.

ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில், எளிய ஆதிதிராவிடக் குடும்பத்தில் 1890-இல் பிறந்தவர் முனுசாமி. திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் பயின்றார். பின்னர்த் துறவு பூண்டு சகஜானந்தர் எனப் பெயர் பெற்றுத் தில்லைக்கு வந்தார். ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவுகள் பலவும் அடைபட்டிருந்த காலம் அது. பிறர் கதவு திறக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1916-இல் 25 மாணவர்களுடன் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். வயிறு காய்ந்த பிள்ளைக்கு எழுத்து ஏறுமா? ஆகவே விடுதியும் எழுந்தது. சட்டமன்றத்திலும் அம்மக்களுக்காகக் குரல் கொடுத்து, 1959-இல் மறைந்தார்.

இன்று, 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்கள் நலிந்த பிரிவினருக்கு உரியவை; கட்டணத்தை அரசு ஈடுசெய்ய வேண்டும். இது நன்றே. எனினும் அந்த இடம் கிட்டாத பிள்ளை எங்கே செல்லும்? தன் ஊர்ப் பள்ளிக்குத்தான். அந்தப் பள்ளி சிறக்காமல், தேர்ந்தெடுக்கும் உரிமை சிலருக்கே பயன்படும். சகஜானந்தர் ஒரு பிள்ளைக்கு இடம் தேடவில்லை. ஒரு சமூகத்திற்கே பள்ளி கட்டினார். நண்பர்களே, நாம் பின்பற்ற வேண்டிய வழி அதுவே என்பேன்.