பண்டித இரமாபாய் அம்மையாரும் அவர் கண்ட ஆறுதலும்

நம் பள்ளிப்பட்டிலிருந்து வடக்கே கால்நடையாக இரண்டு நாள் சென்றால் வேங்கட மலை வரும். பழந்தமிழர் தம் நாட்டின் வட எல்லையாகக் கொண்டது இம்மலையே. நம் முன்னோர் பலர் கோவிந்தா என்று குரலெழுப்பி நடந்த வழி அது. 1874ஆம் ஆண்டு அம்மலைப் பகுதியில் பிராமணக் குடும்பமொன்று பசியால் துவண்டு கிடந்தது. முதுமையால் பார்வை இழந்த தந்தை, மெலிந்த தாய், மகன் ஒருவர், மகளிர் இருவர் என ஐவர் அதில் இருந்தனர். கையிருந்த பொருளெல்லாம் தீர்த்த யாத்திரையிலும் தானத்திலும் கரைந்து போயிற்று. உடலுழைப்பால் பிழைப்பது குலப் பெருமைக்கு இழுக்கென்று எண்ணியவர்கள் அவர்கள். பதினொரு நாட்கள் தண்ணீரும் இலைகளும் கைப்பிடியளவு ஈச்சம்பழமுமே உணவாயின. இனித் தாங்காதெனக் கண்ட தந்தை, புனிதக் குளமொன்றில் மூழ்கி உயிர்விடத் துணிந்து மக்களிடம் விடைபெற்றார். அப்போது மகன், சாதிப் பெருமையை விட்டுக் கூலி வேலை செய்தேனும் பெற்றோரைக் காப்பேன் என்று முன்வந்தான். ஆயினும் காலம் கடந்துவிட்டது. சில நாட்களில் தந்தை காய்ச்சலில் மாண்டார். அவரை அடுத்துத் தாயும், பின்னர் மூத்த மகளும் மறைந்தனர். தாயின் பாடையைச் சுமக்க ஆள் போதவில்லை. இளைய மகளும் ஒரு பக்கம் சுமந்தாள். உயரம் குறைந்த பெண்ணாதலால் மற்றவர் தோளில் தாங்கியதை அவள் தலையில் தாங்கி நடந்தாள். அந்தப் பெண்ணே பிற்காலத்தில் பண்டித இரமாபாய் என்று உலகம் போற்றிய பெருமாட்டி ஆவார்.

துன்பக் காலத்தில் கிறித்தவ வழிபாடு தரும் தேறுதலைப் பற்றி இவ்வெள்ளிவிழா மலருக்கு எழுத வேண்டுமென்று மலர்க் குழுவினர் பணித்தபோது நம் நினைவில் முதலில் எழுந்தவர் இவரே. இளைஞர்கள் பெயரைக் கண்டு மயங்கக் கூடாதாகையால் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அண்ணல் அம்பேத்கரின் துணைவியாராக வாழ்ந்து 1935இல் மறைந்த இரமாபாய் அம்மையார் வேறு, இவர் வேறு. நம் பள்ளியில் நடந்த பேச்சுப் போட்டியொன்றில் மாணவர் ஒருவர் இருவரையும் ஒருவராக்கிப் பேசிப் பரிசும் பெற்றுச் சென்றார். நடுவராக அமர்ந்திருந்த நாமும் அதற்கு ஒரு பொறுப்பாளியே.

இரமாபாய் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், இன்றைய கருநாடக மாநிலத்தின் மேற்கு மலைக்காட்டில் பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்கரே பெரிய வடமொழிப் புலவர். பெண்ணுக்கு வடமொழி கற்பிப்பது தகாது என்று ஊரார் எதிர்த்த காலத்தில் தம் மனைவி இலட்சுமிபாய்க்கு அதனைக் கற்பித்தவர். அந்தத் தாயிடமே இரமாபாய் பாடம் கேட்டார். பாகவத புராணத்தின் பதினெண்ணாயிரம் சுலோகங்கள் அவருக்கு மனப்பாடம். குடும்பம் ஊர் ஊராகச் சென்று புராணம் படித்துப் பொருளீட்டி வாழ்ந்தது.

பெற்றோரையும் தமக்கையையும் இழந்தபின் இரமாபாயும் தமையன் சீனிவாசரும் நாடு முழுதும் நடந்தனர். இதற்கு ஈராண்டு கழித்துத்தான் நம் சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் பிடித்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். நிலமற்ற நம் சேரி மக்களே முதலில் விழுந்தனர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பொன்னேரி, பழவேற்காட்டுப் பக்கமாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள். அதன் பணிகளில் ஒரு பகுதி அப்பஞ்சத்தின்போது நிவாரணக் கூலியாட்களைக் கொண்டு நடைபெற்றது. இரமாபாயும் அவர் தமையனும் அக்காலத்தில் வடக்கே இருந்தனர். ஜீலம் ஆற்றங்கரையில் போர்வையின்றிக் குளிரில் தவித்த இரவொன்றில் இருவரும் மணலில் குழி தோண்டி, கழுத்தளவு மணலை மேலே மூடிக்கொண்டு உயிர் பிழைத்தனர்.

1878இல் கல்கத்தா சென்றனர். அங்குள்ள அறிஞர்கள் இருபது வயதுப் பெண்ணின் வடமொழிப் புலமையைக் கண்டு வியந்து பண்டிதை என்றும் சரசுவதி என்றும் பட்டம் அளித்தனர். ஆனால் அதே கல்கத்தாவில்தான் அவர் உள்ளம் பழைய பிடிப்பை இழந்தது. தரும நூல்களை ஒன்றுவிடாமல் கற்றபோது, ஒன்றுக்கொன்று முரண்படும் அந்நூல்கள் யாவும் இரண்டே செய்திகளில் ஒத்துப் போவதை அவர் கண்டார். பெண்ணினம் இழிந்தது என்பது ஒன்று. அப்பெண்ணைப் போலவே சூத்திரனுக்கும் அவனுக்குக் கீழாக வைக்கப்பட்டோருக்கும் இப்பிறவியில் வீடுபேறு இல்லை என்பது மற்றொன்று. நம் மக்கள் பட்டறிவால் அறிந்ததை அவர் படிப்பறிவால் அறிந்தார். வழி இரண்டாயினும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே.

1880இல் தமையனும் டாக்காவில் இறந்தார். அதே ஆண்டில் அவர் தமையனின் நண்பரும் வழக்குரைஞருமான விபின் பிகாரி தாசு என்பவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். பிராமணர் அல்லாத ஒருவரை மணந்ததால் உறவு முற்றும் அறுந்தது. 1881இல் மகள் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் கணவர் வாந்திபேதியில் மாண்டார். இருபத்து நான்கு வயது நிரம்புமுன் தாய், தந்தை, தமக்கை, தமையன், கணவன் ஆகிய அனைவரையும் இழந்து, கைக்குழந்தையுடன் நின்ற விதவை அவர். பூனா சென்று பெண்கள் சங்கம் நிறுவினார். அவ்வாண்டே ஹண்டர் கல்விக் குழுவின் முன் தோன்றி, பெண்களுக்குப் பெண் ஆசிரியரும் பெண் மருத்துவரும் வேண்டுமென்று வாதிட்டார்.

1883இல் மருத்துவம் கற்கும் நோக்குடன் இங்கிலாந்து சென்று வாண்டேஜ் என்னும் ஊரில் கன்னியர் மடத்தில் தங்கினார். அங்கே அவரைக் கவர்ந்தது ஒரு காட்சி. நெறி தவறியவர் என்று உலகம் ஒதுக்கிய பெண்களை அக்கன்னியர் தம் உடன்பிறந்தாரைப் போல் பேணினர். இந்த இரக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். யோவான் எழுதிய சுவிசேடத்தில், கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்ட வரலாற்றை அவர்கள் எடுத்துக் காட்டினர். தீண்டத்தகாதவளாக யூதரால் ஒதுக்கப்பட்ட இனத்தவள் கையில் தண்ணீர் கேட்ட ஒருவரைப் பற்றிய கதை நம் மக்களுக்கும் எளிதில் விளங்கும். நம் வட்டாரத்துத் தேநீர்க் கடைகளில் தனிக் குவளை இருந்த நாட்களை நாம் கண்டிருக்கிறோம்.

ஆனால் அங்கும் துயரம் அவரைத் தொடர்ந்தது. அவருடன் வந்த தோழி ஆனந்திபாய் பகத் என்பவர் மனம் கலங்கி அந்த இடத்திலேயே நஞ்சுண்டு இறந்தார். அதற்குப் பின் 1883 செப்டம்பர் 29இல் இரமாபாயும் குழந்தை மனோரமாவும் திருமுழுக்குப் பெற்றனர். மருத்துவம் கற்கும் எண்ணம் செவிப்புலன் குறைவால் கைகூடவில்லை.

இங்கே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். திருமுழுக்குப் பெற்ற அன்றே துன்பமெல்லாம் பஞ்சாய்ப் பறந்துவிட்டது என்று பக்தி நூல்கள் சில எழுதிவிடும். இவர் வாழ்வில் அவ்வாறு நிகழவில்லை. திரித்துவக் கொள்கை குறித்தும் சபையின் அதிகாரம் குறித்தும் கன்னியரோடும் குருமாரோடும் அவர் கடிதம் கடிதமாக வழக்காடினார். யாருடைய ஆணைக்கும் அவர் மனச்சான்றை ஒப்படைக்கவில்லை. தாம் அடைந்தது ஒரு சமயத்தையே, அச்சமயத்தின் நாயகனை அன்று என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அறிவு ஏற்றதை உள்ளம் ஏற்க மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. 1891ஐ ஒட்டிய காலத்தில், தனிமையில் செய்த மன்றாட்டின் நடுவே, தம்மை ஒருவர் உள்ளவாறே ஏற்றுக்கொண்டார் என்ற உறுதி அவருக்குப் பிறந்தது. இறந்தோர் திரும்பவில்லை. எனினும் தாம் கைவிடப்படவில்லை என்ற தேற்றம் அன்று முதல் அவரை விட்டு அகலவில்லை.

இதற்கிடையே 1886இல் அமெரிக்கா சென்று உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலை குறித்து ஆங்கிலத்தில் நூல் எழுதினார். அன்பர்கள் பாஸ்டனில் சங்கம் அமைத்துப் பத்தாண்டு உதவ உறுதியளித்தனர். 1889 மார்ச் 11இல் பம்பாயில் சாரதா சதன் என்னும் விதவையர் கல்வி இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பூனாவுக்கு மாறியது. அங்கே முதன்முதல் சேர்ந்த இளம் விதவையைத்தான் பின்னர் 1893இல் பேராசிரியர் கார்வே மணந்தார்.

அந்த இல்லம் உயர்சாதி விதவையருக்கென்றே அமைந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சமையலும் பந்தியும் பிராமண முறைப்படியே நடந்தன. நம் குலப் பெண்ணொருத்தி அன்று அக்கதவைத் தட்டியிருந்தால் உள்ளே இடமிருந்திராது. நம் இளைஞர் சிலர், இத்தகையவரை நாம் ஏன் போற்ற வேண்டும் என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. அதற்கு விடை 1897இல் கிடைக்கிறது. அதற்குமுன் ஒன்று சொல்ல வேண்டும். இரமாபாய் காலையில் மகளுடன் வழிபடும்போது அறைக்கதவைச் சாத்துவதில்லை. சிறுமிகள் சிலர் தாமே வந்து அமர்ந்தனர். இதனால் 1893இல் பூனாவில் பெருங்கூச்சல் எழுந்தது. இரானடே, பண்டார்கர் போன்ற சீர்திருத்தவாதிகளும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பெற்றோர் பலர் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். அவர் கதவைச் சாத்தவில்லை. அவர் சமயம் மாறியபோது அவர் பக்கம் நின்று 1885இல் எழுதியவர் மகாத்மா சோதிராவ் பூலே ஒருவரே எனலாம்.

1896-97இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தது. செய்தி கேட்டதும் வேங்கட மலையின் பதினொரு நாட்களும் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். உடனே புறப்பட்டார். நிவாரண முகாம்களில் எலும்பும் தோலுமாய்க் கிடந்த சிறுமியரையும், அவர்களைக் கவர்ந்து செல்லக் காத்திருந்த தீயோரையும் கண்டார். ஏறத்தாழ முந்நூறு பேரை அழைத்து வந்தார். இம்முறை எவரிடமும் சாதி கேட்கவில்லை. பசியை மட்டும் பார்த்தார். பூனாவில் கொள்ளைநோய் பரவியதால் நகரில் வைத்திருக்க அரசு இசையவில்லை. ஆகவே கேட்காவ் என்னும் சிற்றூரில் தாம் வாங்கியிருந்த நிலத்திலேயே அவர்களைக் குடியமர்த்தினார். அதுவே முக்தி இல்லம். 1900இல் குசராத்துப் பஞ்சம் வந்தபின் அங்கே ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் இருந்தனர். பிராமண விதவையும் சேரிச் சிறுமியும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். பசி அறிந்தவர் வைத்த பந்தியில் வரிசை வேறுபாடு நிற்கவில்லை.

அவ்வில்லத்தில் கிணறுகள் வெட்டப்பட்டன. தோட்டம், பால்பண்ணை, தறி, எண்ணெய்ச் செக்கு, அச்சகம் எல்லாம் பெண்களாலேயே நடந்தன. பார்வையற்றோருக்குப் புள்ளியெழுத்துக் கற்பிக்கப்பட்டது. நாள்தோறும் காலையும் மாலையும் வழிபாடு உண்டு. 1905இல் அங்கே பெரும் மன்றாட்டு எழுச்சி ஒன்று தோன்றியது. பல நூறு பெண்கள் ஒரே நேரத்தில் வாய்விட்டு அழுதும் பாடியும் வேண்டினர். வெளியார் சிலர் இது வெறியாட்டம் என்றனர். நாம் அவ்வாறு நினைக்கவில்லை. அச்சிறுமியருள் பலர் பெற்றோர் சாகக் கண்டவர்கள். விலைக்கு விற்கப்பட்டவர்களும் இருந்தனர். அழ இடமின்றி அடக்கி வைத்த அழுகை, கேட்பவர் ஒருவர் உண்டென்ற நம்பிக்கை வந்ததும் வெளிப்பட்டது.

இதனை நாம் நேரிலும் கண்டதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் நேர்ந்த விபத்தில் நம் மாணவன் ஒருவன் மாண்டான். தொழிற்சாலையின் பெயர் ஈண்டு வேண்டா. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து எட்டே மாதம் வேலை பார்த்தவன். மூன்று நாட்கள் அவன் தாய் வாய் திறக்கவில்லை, கண்ணீரும் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை அவள் எழுந்து தெருக்கோடியில் உள்ள தகரக் கூரை செபவீட்டுக்குச் சென்றாள். திருத்தணி முருகனுக்கு ஆண்டுதோறும் காவடி எடுக்கும் அவள் உறவினரும் பின்னே சென்று அமர்ந்தனர். பாட்டு நடுவில் அவள் வீறிட்டு அழுதாள். எவரும் அவளை அடக்கவில்லை. பாட்டை நிறுத்தவும் இல்லை. மறுநாள் காலை அவள் உலை வைத்தாள் என்று கேள்விப்பட்டோம். இழப்பீட்டுக்கான மனுவை எழுதித் தருமாறு அதே வாரத்தில் நம்மிடம் வந்தாள். செபமும் மனுவும் ஒன்றுக்கொன்று பகையென்று அவளுக்குத் தோன்றவில்லை. இரமாபாய்க்கும் தோன்றவில்லை.

முதுமையில் அவருக்குக் காது வெகுவாக மந்தமாயிற்று. தம்மைச் சுற்றிலும் ஆயிரம் குரல் பாடிய ஆலயத்தில் அவர் பெரும்பாலும் மௌனத்திலேயே அமர்ந்திருந்தார் எனலாம். அவர் மனமெல்லாம் வேறொரு பணியில் இருந்தது. எபிரேயமும் கிரேக்கமும் கற்று, படிப்பறிவு குறைந்த சிற்றூர்ப் பெண்ணுக்கும் விளங்கும் எளிய மராத்தியில் விவிலியம் முழுவதையும் மொழிபெயர்க்கத் தொடங்கினார். வடமொழிப் பண்டிதை, வடசொல் மிகுந்த நடையை வேண்டுமென்றே கைவிட்டார் என்பது மொழியாசிரியர் என்ற முறையில் நமக்கு மிக உவப்பான செய்தி. பண்டிதர்களுக்கு எழுதுவது எளிது. நாலாம் வகுப்புக்கு எழுதிப் பார்த்தவர்களுக்கே அருமை தெரியும்.

மகள் மனோரமா கற்றுத் தேர்ந்து தாயின் வலக்கையாக விளங்கினார். குல்பர்காவில் கிளைப் பள்ளி கண்டவரும் அவரே. தமக்குப்பின் இவள் என்று தாய் நம்பியிருந்தார். 1921 சூலை 24ஆம் நாள், நாற்பது வயதில், மனோரமா இறந்தார். குடும்பத்தில் எஞ்சியிருந்த ஒரே உயிரும் போயிற்று. அறுபத்து மூன்று வயதுத் தாய், இல்லத்துப் பெண்களோடு வழிபாட்டில் அமர்ந்தார். பின்னர் அச்சுப்படிகளைத் திருத்த மேசைக்குத் திரும்பினார். இளமையில் தாயின் பாடையைத் தலையில் சுமந்தபோது பற்றுக்கோடின்றி நடந்தவர், இப்போது அவ்வாறு நடக்கவில்லை. எஞ்சிய மாதங்களை அந்தப் படிகளுக்கே செலவிட்டார்.

1922 ஏப்ரல் 5ஆம் நாள் இரமாபாய் மறைந்தார். விவிலியம் 1924இல் வெளிவந்தது. எழுத்துக் கோத்தவர்களும் அச்சிட்டவர்களும் தைத்துக் கட்டியவர்களும் முக்தி இல்லத்துப் பெண்களே. ஒரு காலத்தில் பஞ்ச முகாம்களிலிருந்து தூக்கி வரப்பட்டு, அந்த இல்லத்திலேயே அகரம் பயின்றவர்கள் அவர்களுள் இருந்தனர்.