பெரியாழ்வார் கண்ட பிள்ளைப் பருவம்

பாண்டி நாட்டுத் திவ்ய தேசங்கள் பதினெட்டனுள் ஒன்றாகிய ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆனித் திங்கள் சுவாதி நன்னாளில், முகுந்தர், பதுமவல்லி என்னும் தம்பதியர்க்குத் திருமகனாய் அவதரித்தவர் விஷ்ணுசித்தர். கருடாம்சம் என்று குருபரம்பரை போற்றும் இம்மகான் 8 அல்லது 9ஆம் நூற்றாண்டினர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நந்தவனம் அமைத்து, மலர் பறித்து, மாலை தொடுத்து வடபத்ரசாயிக்குச் சமர்ப்பிப்பதையே கைங்கர்யமாகக் கொண்டவர் அவர். அந்த நந்தவனத்தில், துளசியின் அடியில் கண்டெடுத்த பெண்மகவைக் கோதை எனப் பெயரிட்டுத் தம் மகளாகவே வளர்த்தார்.

மதுரையை ஆண்ட ஸ்ரீவல்லபதேவன், பரம்பொருள் யாதெனத் தெளிய விரும்பினான். அவனுக்கு நல்வழி உரைத்தவர் நம் சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த திருக்கோட்டியூர்ச் செல்வநம்பி. அவர் சொற்படி பொற்கிழி கட்டப்பட்டது. விஷ்ணுசித்தர் அவையேறித் திருமாலே பரதெய்வம் என நிலைநாட்ட, கிழி தானே அறுந்து வீழ்ந்தது. மன்னன் அவரை யானைமேல் ஏற்றி நகர்வலம் செய்வித்தான். அவ்வேளை கருடவாகனத்தில் காட்சி தந்தான் எம்பெருமான். காண்போர் கண்ணெச்சில் பட்டுவிடுமோ என்று அஞ்சிய விஷ்ணுசித்தர், உலகைக் காப்பவனுக்கே காப்பாகத் திருப்பல்லாண்டு பாடினார். அன்று முதல் அவர் பெரியாழ்வார் ஆனார்.

தாயின் நெஞ்சுக்கே உரிய இவ்வச்சந்தான் அவர்தம் திருமொழி முழுவதும் பெருக்கெடுத்தோடுகிறது. திருப்பல்லாண்டும் சேர்த்து அவர் அருளிய பாசுரங்கள் 473. கண்ணன் பிறந்த கொண்டாட்டத்தை அவர் திருக்கோட்டியூரில் வைத்தே பாடத் தொடங்குகிறார். தொட்டிலில் கிடந்தால் உதைப்பதும், எடுத்தால் இடுப்பை ஒடிப்பதும், தழுவினால் வயிற்றில் பாய்வதுமாகிய அக்குழந்தையின் துடிப்பை யசோதையின் நிலையில் நின்று சொல்லி வியக்கிறார்.

பின்னர்ப் பருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தாலாட்டு முடிந்ததும், நெற்றிச்சுட்டி அசையத் தவழ்ந்து செல்லும் பிள்ளை, சிறு விரலால் நிலவைச் சுட்டிக்காட்டி, முற்றாத மழலையில் அதனை அழைக்கிறது. செங்கீரை ஆடுகிறது, சப்பாணி கொட்டுகிறது. தளர்நடைப் பருவத்தில் சங்கிலி ஒலிக்க அசைந்து வரும் யானையை நினைவூட்டுகிறது. பல் முளைக்கிறது, வாயூறல் ஒழுகுகிறது. அடுத்து, முன்னே ஓடிவந்து அணைத்துக் கொள்வதும், பின்னே வந்து முதுகைக் கட்டிக் கொள்வதும், அப்பூச்சி காட்டி அச்சுறுத்தி விளையாடுவதும் பாடப்படுகின்றன. பிற்காலத்துப் பிள்ளைத்தமிழுக்கு வித்து இதுவே. பாட்டியல் நூலார் செங்கீரைக்கு ஐந்தாம் மாதமும், சப்பாணிக்கு ஒன்பதாம் மாதமும் பொதுவாக வகுத்தனர்.

ஆழ்வார் அன்று அன்பினால் கண்டவற்றை இன்றைய மருத்துவம் அளந்து பார்க்கிறது. இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளில் குழந்தைகளை ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, துணையின்றி நடக்கத் தொடங்குவது சற்றேறக்குறைய 8 மாதம் முதல் பதினேழரை மாதம் வரை அமையலாம். நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையூன்றி முழந்தாளிட்டுத் தவழாமலே நடக்கத் தொடங்குகின்றன. ஆகவே, அண்டை வீட்டுப் பிள்ளை பத்தாம் மாதம் நடந்தது கண்டு தாய்மார் நெஞ்சு கலங்க வேண்டுவதில்லை. அவரவர் பிள்ளைக்கு அதனதன் காலம் உண்டு.

ஆயினும் கவனியாதிருத்தலும் தகாது. நடையைக் காட்டிலும் நுட்பமானது, ஆழ்வார் அம்புலிப் பருவத்தில் காட்டிய அச்சுட்டுவிரல். தான் கண்டு மகிழ்ந்ததைத் தாயும் காண வேண்டுமென்று குழந்தை சுட்டுவது, பேச்சுக்கும் உறவுக்கும் முதற்படி. ஒன்றரை வயதாகியும் நடவாத, சுட்டிக் காட்டாத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத குழந்தையையும், கற்ற சொல்லையோ செயலையோ இழந்து வரும் குழந்தையையும் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டல் வேண்டும். காது கேளாமை போன்ற குறையாயின், முன்னரே அறிந்தால் பெரிதும் உதவலாம். தானாகச் சரியாகிவிடும் என்று ஆண்டுகளைக் கழிப்பது அன்பாகாது. தாயைப் பழிப்பது அறமும் ஆகாது.

நிலவை அழைக்கும் கண்ணனின் மழலையைக் கேளாதது போல் செல்லும் சந்திரனை ஆழ்வார் கடிந்துகொள்கிறார். அக்குரலைக் கேளாத செவியால் பயனில்லை என்பது அவர் திருவுள்ளம். மழலைக்குச் செவி கொடுத்து மறுமொழி கூறும் வீட்டில் பிள்ளையின் பேச்சு வளர்கிறது என்பது இன்று தெளிந்த உண்மை.

தம் இறுதிக் காலத்தில் ஆழ்வார் திருமாலிருஞ்சோலை சென்று, அங்கேயே திருநாடலங்கரித்தார் என்பது மரபு. அவர் பாடிய திருக்கோட்டியூரில் சௌமியநாராயணன் இன்றும் சேவை சாதிக்கிறான். மாசித் தெப்பத்திற்குப் புதுவயல், காரைக்குடிப் பக்கத்திலிருந்து சென்று, தெப்பக்குளக் கரையில் விளக்கேற்றும் அன்பர்கள், இடுப்பிலிருக்கும் மழலை அவ்விளக்கைச் சுட்டிக் காட்டும்போது சற்றே நின்று தாமும் நோக்குவாராக. ஆழ்வார் கண்ட காட்சி அதுவே.