இறகில் பிறக்கும் நீலம்

தாம்பரம், வண்டலூர்ப் பகுதிகளின் திறந்தவெளிகளில், மின்கம்பிமீது அமர்ந்திருக்கும் பனங்காடையைக் காணலாம். அமர்ந்திருக்கையில் மங்கிய பழுப்பாகத் தோன்றும் அப்பறவை, சிறகை விரித்ததும் நீலமாய் ஒளிரும். அந்த நீலத்தின் பிறப்பிடத்தைத் தேடியவர்களுள் ஒருவர், ஒளியியல் மேதை சர் சி.வி. இராமன்.

1888 நவம்பர் 7 அன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1907இல் முதுகலைப் பட்டம் பெற்றார். கொல்கத்தாவில் நிதித்துறை அலுவலராகப் பணியாற்றிய காலத்திலும், அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதை ஆய்வகத்திலேயே கழித்தார். பின்னர் அரசுப் பதவியைத் துறந்து, 1917இல் கொல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்புகையில், மத்தியதரைக்கடலின் நீலம் அவரைக் கவர்ந்தது. கடல்நீலம் வானத்தின் எதிரொளிப்பே என்பது இராலே பிரபுவின் கருத்து. இராமன் பட்டகம் ஒன்றின் துணையால் நீர்ப்பரப்பின் எதிரொளிப்பை விலக்கிப் பார்த்தார், நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன எனத் தெளிந்தார். இத்தேடலின் தொடர்ச்சியே 1928இல் கண்டறியப்பட்ட இராமன் விளைவு. அதற்காக 1930இல் நோபல் பரிசு பெற்றார்.

பரிசுக்குப் பின்னும் அவர்தம் வினாக்கள் ஓயவில்லை. 1934இல் பெங்களூருவில் இந்திய அறிவியல் அகாதமியை நிறுவிய அவர், அதன் ஆய்விதழின் முதல் தொகுதியிலேயே பறவை இறகுகளின் நிறத்தைப் பற்றி எழுதினார். அவர் ஆராய்ந்தது பனங்காடையின் இறகு.

இறகின் தண்டிலிருந்து இழைகள் கிளைக்கின்றன. இழைகளிலிருந்து பிரியும் நுண்ணிழைகள் கொக்கிகளால் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால், காற்றை உந்தும் பரப்பு உருவாகிறது. பனங்காடையின் இழைகளில் நீலச்சாயம் இல்லை. கெரட்டினும் காற்றறைகளும் செறிந்த நுண்ணமைப்பே நீலத்தைத் தோற்றுவிக்கிறது. அடியிலுள்ள கரிய மெலனின் பிற நிறங்களை உறிஞ்சிக்கொள்கிறது. இறகை நசுக்கி அந்த அமைப்பைச் சிதைத்தால், நீலம் மறைந்து கருமையே எஞ்சும்.

வானம் நீலமாவதைப் போன்ற எளிய ஒளிச்சிதறலே இதற்குக் காரணம் என்று அறிஞர் பலர் கருதினர். அவ்விளக்கம் போதாது என்றார் இராமன். ஒளியலைகள் ஒன்றோடொன்று இணைந்து வினைபுரிவதும் காரணமாகலாம் எனக் கருதினார். 1970 நவம்பர் 21 அன்று அவர் மறைந்தார். 1998இல் தென்னமெரிக்கப் பறவையொன்றின் நீல இறகை மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்தவர்கள், ஒளியலைகளின் அத்தகைய இணைவையே அங்குக் கண்டனர்.

பெரியோர் சொன்ன விடையையும் சோதித்தறியும் துணிவே இராமன் நமக்கு விட்டுச்சென்ற செல்வம். அதைப் பயன்படுத்தத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் தெருமுனை மின்கம்பியிலும் ஒரு வினா அமர்ந்திருக்கலாம்.