பதக்கத்தின் இரு முகங்கள்

அந்தமானில் எங்கள் ஊர் லம்பா லைன். வானூர்தியில் வருவோர் இத்தீவுகளில் முதலில் மண் மிதிக்கும் இடம் அதுதான். வந்து இறங்குவோர் எங்களைக் கேட்கும் முதற் கேள்வி, சிறைச்சாலைக்கு வழி எது என்பது. வழி சொல்லிச் சொல்லி எனக்குள்ளும் ஒரு கேள்வி பிறந்தது. அந்தச் சிறையின் சுவர்கள் எழுந்துகொண்டிருந்த நாளில் இத்தீவுகளை ஆண்டவர் யார்?

தேடிப் படித்தேன், விடை என்னை வியப்பில் ஆழ்த்தியது. அவர் ஒரு படை அதிகாரி. தமிழ் நூல்களையும் கல்வெட்டுகளையும் உலகறியச் செய்த ஆராய்ச்சி இதழொன்றின் ஆசிரியரும் அவரே! சர் ரிச்சர்டு கார்னாக் டெம்பிள் என்பது அவர் பெயர்.

அறிஞர்க்கு நினைவுப் பதக்கம் வார்ப்பது மேனாட்டு மரபு. டெம்பிளுக்கு அப்படி ஒன்று வார்க்கும் பணி என்னிடம் வந்தால், அதன் இரு முகங்களிலும் எதைப் பொறிப்பேன்? அந்த எண்ணத்தோடுதான் அவர் வாழ்வை உங்கள் முன் வைக்கிறேன்.

1850ஆம் ஆண்டு அக்டோபர் 15இல் அலகாபாத்தில் பிறந்தார். தந்தையின் பெயரும் ரிச்சர்டு டெம்பிள்தான். தாது வருடப் பஞ்சத்தில் தமிழகம் துடித்த 1877இல், நிவாரண வேலை செய்தோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தவர் அந்தத் தந்தை. தந்தையின் புகழையும் பழியையும் மகன்மேல் ஏற்றிவிடலாகாது. எனினும் எத்தகைய ஆட்சிக் குடும்பத்தில் அவர் வளர்ந்தார் என்பதை அறிய இது உதவும்.

1871இல் படையில் சேர்ந்தார் மகன். 1878-79 ஆப்கானியப் போரில் பணியாற்றினார். பின்னர் பஞ்சாபில் படை முகாம்களுக்கு நீதிபதியாக அமர்ந்தார். வாளேந்திய கை அங்கேதான் ஏட்டின்மேல் பதிந்தது. திருவிழாவிலும் திருமண வீட்டிலும் பாடித் திரிந்த பாணர்களை அழைத்துப் பாடச் செய்து, அருகில் முன்ஷி ஒருவரை அமர்த்தி எழுதச் செய்தார். அவ்வாறு திரண்ட பஞ்சாபியப் பழங்கதைகள் 1884 முதல் 1900 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தன.

பம்பாயில் ஜேம்ஸ் பர்ஜெஸ் 1872இல் தொடங்கிய 'இந்தியன் ஆன்டிகுவரி' என்னும் இதழின் பொறுப்பு 1885இல் அவரிடம் வந்தது. முதலில் ஃப்ளீட் என்னும் கல்வெட்டறிஞருடன் சேர்ந்து நடத்தினார். பிறகும் தம் இறுதிக் காலம் வரை அதை விடவில்லை. தமிழர் நாம் அந்த இதழுக்குக் கடன்பட்டவர்கள். அஞ்சல் துறையில் பணியாற்றிக்கொண்டே தமிழாய்ந்த வி. கனகசபைப் பிள்ளை, களவழி நாற்பது, கலிங்கத்துப்பரணி, விக்கிரமசோழனுலா ஆகியவற்றின் செய்திகளை ஆங்கிலத்தில் தந்தது அதன் பக்கங்களில்தான். சோழர் கல்வெட்டில் நிக்கோபார் மாநக்கவாரம் எனப் பெயர் பெறுவதை அறிந்த நமக்கு, அத்தகைய ஆராய்ச்சியைப் போற்றி வளர்த்தவரே பின்னாளில் அத்தீவுகளை ஆள வந்தார் என்பது விந்தையாகத் தோன்றும்.

1894 முதல் 1904 வரை அந்தமான் நிக்கோபாருக்கு அவர் தலைமை ஆணையர். ராஸ் தீவில் மாளிகை, கண்முன் கடல், கையில் அச்சுப்படிகள். அந்தமானியர் மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்தார். நிக்கோபாரியர் தேங்காயைக் கொண்டு வாணிகக் கணக்குப் பார்க்கும் முறையைக் கூர்ந்து நோக்கி, பணம் என்பது எப்படித் தோன்றியது என்றே எழுதினார். இஃது ஒரு முகம். ஒளி பொருந்திய முகம்.

மறுமுகத்தைத் திருப்புவோம். அவர் ஆட்சியில் ஏறத்தாழ 12,000 கைதிகள் இருந்தனர். செல்லுலார் சிறையின் கட்டுமானம் 1896இல் தொடங்கி 1906இல் முடிந்தது. ஏழு கிளைகள், 700க்குச் சற்றுக் குறைந்த தனியறைகள். ஒருவன் முகத்தை மற்றொருவன் காணாதவாறு அமைத்த கட்டடம். பாணன் பாட்டைச் செவிமடுத்த மனிதரின் ஆட்சியிலேயே, மனிதன் மனிதனோடு பேசாதிருக்கச் சுவர் எழுந்தது!

இன்னொன்றும் உண்டு. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் இத்தீவுகளுக்குரிய அறிக்கையை எழுதியவர் டெம்பிள். அதில் பெரிய அந்தமானியர் 625 பேர். 1858இல் குடியிருப்பு நிறுவியபோது சில ஆயிரம் பேராக இருந்த இனம் அது. வந்தவர்கள் கொணர்ந்த நோய்கள், குறிப்பாக 1877இல் பரவிய தட்டம்மை, அவர்களைக் கொண்டுபோயின. 1931இல் 90 பேர். 1961இல் 19 பேர். அவ்வினத்தின் மொழிகளுள் ஒன்றான அக்கா-போவைப் பேசிய கடைசி மூதாட்டி போவா 2010 ஜனவரியில் மறைந்தார். அவரோடு அம்மொழியும் மறைந்தது. இலக்கணம் எழுதிய ஆட்சி, பேசும் வாயைக் காக்கவில்லை.

டெம்பிள் இதை உணர்ந்தாரா? 1904இல் ஓய்வுபெற்றுத் தாயகம் சென்றவர், 1913இல் பர்மிங்காமில் கூடிய அறிவியல் பேரவையில், பிற மக்களை ஆளச் செல்வோர் முதலில் அவர்தம் வாழ்வைக் கற்க வேண்டும் என வலியுறுத்தினார். நல்ல சொல்தான், ஆனால் ஆள்வதே முறையா என்ற கேள்வி அதில் இல்லை. 1931 மார்ச்சில் சுவிட்சர்லாந்தில் காலமானார். அவர் காத்த இதழும் 1933இல் நின்றது.

நண்பர்களே! என் பதக்கத்தின் ஒரு முகத்தில் ஓர் ஏட்டைப் பொறிப்பேன். அவர் காத்துத் தந்தவற்றுக்கு அது நம் நன்றி. மறுமுகத்தில் 625 என்ற எண்ணை மட்டும் பொறிப்பேன். எந்த ஒன்றையும் தேய்த்து அழிக்க எனக்கு மனமில்லை. தமிழ் கற்கும் நாம், நம் தீவுகளில் இன்னும் வாழும் சிறு மொழிகளை, பேசுவோர் உயிரோடிருக்கும்போதே மதிக்கக் கற்போமா? அந்தக் கேள்வியோடுதான், இனிச் சிறைக்கு வழி கேட்போருக்கு ராஸ் தீவையும் சேர்த்துக் காட்டப்போகிறேன்.