தகரக் கொல்லர் மகனும் காற்றில் குளிரும் எஞ்சினும்

சில ஆண்டுகளுக்கு முன், ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு முந்தைய நாள் மாலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் திரும்பிக்கொண்டிருந்தேன். ஊரைக் கடக்கவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கூட்டத்துக்குள் அடி அடியாக நகர்ந்த என் பழைய வோல்க்ஸ்வாகன் பீட்டில் கார், நெடுஞ்சாலைக்கு வந்ததும் இழுக்க மறுத்தது. கருகிய எண்ணெய் வாடை வீசியது. ஓரமாக நிறுத்திப் பின்பக்கக் கதவைத் திறந்தால், அடுப்பைத் திறந்ததுபோல் முகத்தில் அனல் அறைந்தது. மேற்கே மலையிலிருந்து காற்று வீசிக்கொண்டுதான் இருந்தது. ஆனால், அந்தக் காற்றால் எஞ்சினுக்கு எந்தப் பயனும் இல்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. சில வாரங்களுக்கு முன் வண்டியைப் பழுது பார்த்தவர், எஞ்சினைச் சுற்றியிருந்த தகடுகள் சிலவற்றைக் கழற்றிவிட்டிருந்தார். திறந்து கிடந்தால் காற்று நன்றாகப் படும் என்பது அவருடைய எண்ணம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் ஒப்புக்கொண்டவன்தான். உண்மை அதற்கு நேர்மாறானது என்பதை அந்தச் சாலையோரத்தில் கற்றுக்கொண்டேன். அந்தத் தகடுகளை அங்கே வைத்த மனிதரைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதும் அதன் பிறகுதான்.

ஃபெர்டினாண்ட் போர்ஷே 1875 செப்டம்பர் 3 அன்று, அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்த பொஹீமியாவின் மாஃபர்ஸ்டோர்ஃப் என்னும் ஊரில் பிறந்தார். இன்று அது செக் நாட்டில் இருக்கிறது. தந்தை ஒரு தகரக் கொல்லர். தகட்டை வெட்டி, வளைத்து, ஒட்டுகிற அந்தப் பட்டறையில்தான் சிறுவன் தொழில் பழகினான். ஆனால், அவன் மனம் மின்சாரத்தில் இருந்தது. பதினெட்டு வயதில் வியன்னாவுக்குப் போய் ஒரு மின்பொறி நிறுவனத்தில் சேர்ந்தான். பொறியியல் பட்டம் எதுவும் பெறவில்லை. மாலை வேளைகளில் தொழில்நுட்பக் கல்லூரியின் வகுப்புகளில் உட்கார்ந்து கேட்டதோடு சரி. அதே கல்லூரி 1917-இல் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது.

இன்று மின்சார காரைப் புதுமை என்று பேசுகிறோம். 1900-ஆம் ஆண்டு பாரீஸ் கண்காட்சியில் போர்ஷே காட்டியதே மின்சார வண்டிதான். சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மோட்டாரைப் பொருத்தியிருந்தார். அடுத்து பெட்ரோல் எஞ்சினால் மின்சாரம் உண்டாக்கி ஓடும் வண்டியையும் செய்தார். நாம் இப்போது ஹைபிரிட் என்று சொல்வதன் மூதாதை அது. 1906-இல் ஆஸ்ட்ரோ-டைம்லர் நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவரானார். 1910-இல் இளவரசர் ஹைன்ரிஷ் பெயரால் நடந்த நெடும்பயணப் போட்டியில், தான் வடிவமைத்த காரைத் தானே ஓட்டி முதலிடம் பெற்றார். 1923-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு வந்து டைம்லர் நிறுவனத்தில் சேர்ந்தார். மெர்சிடிஸ் பந்தயக் கார்கள் சில அவர் காலத்தில் உருவானவை. சிறிய, மலிவான காரைச் செய்ய வேண்டும் என்ற அவரது பிடிவாதமும் முன்கோபமும் அங்கே நிலைக்கவிடவில்லை. 1931-இல் சொந்தமாக வடிவமைப்பு அலுவலகம் தொடங்கினார்.

அதைத் தொடங்கியபோது பங்காளியாக இருந்தவர்களுள் ஒருவர் அடோல்ஃப் ரோஸன்பெர்கர். பந்தய ஓட்டுநர், நிறுவனத்தின் பணவிவகாரங்களைப் பார்த்துக்கொண்டவர், யூதர். நாஜி ஆட்சியில் அவருடைய பங்கு 1935-இல் சொற்ப விலைக்குப் போர்ஷே குடும்பத்திடம் போனது. அதே ஆண்டு அவர் வதைமுகாமில் அடைக்கப்பட்டு, பின்னர் விடுதலையாகி நாட்டை விட்டு வெளியேறினார். போர்ஷேயைப் போற்றும் நூல்கள் பல, நெடுங்காலம் இந்தப் பெயரை ஒரு வரியில் கடந்தன.

1934-இல் ஹிட்லர் அரசின் விருப்பப்படி மக்கள் காரை வடிவமைக்கும் பணி போர்ஷேயிடம் வந்தது. விலை ஆயிரம் மார்க்குக்குள் இருக்க வேண்டும்; மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும்; எஞ்சினைக் காற்றாலேயே குளிர்விக்க வேண்டும். கடைசி நிபந்தனைக்குக் காரணம் எளிது. சாமானியனிடம் கார்க்கொட்டகை இருக்காது. ஜெர்மனியின் குளிர்காலத்தில் வெளியே நிற்கும் காரின் ரேடியேட்டரில் நீர் உறைந்தால் எஞ்சின் வெடித்துவிடும். உறைவதற்கு நீரே இல்லையென்றால் அந்தக் கவலை இல்லை. நம் பக்கத்தில் கவலை வேறு மாதிரி. அந்தக் காலப் பேருந்துகள் ஏற்றத்தில் ஆவி கக்கி நிற்க, நடத்துநர் தகர டப்பாவை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கு இறங்கியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எஞ்சினை வரைந்தவர் போர்ஷே அலுவலகத்தின் ஃபிரான்ஸ் ரைம்ஸ்பீஸ் என்ற பொறியாளர். பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர்கள் படுத்திருக்கும். சிலிண்டரைச் சுற்றிலும் மெல்லிய உலோக மடிப்புகள். எஞ்சின் வண்டியின் பின்னால் இருப்பதால் எதிர்க்காற்று நேரே வந்து படாது. ஆகவே மேலே ஒரு விசிறி. அது உறிஞ்சித் தள்ளும் காற்று அங்கும் இங்கும் சிதறாமல், ஒவ்வொரு மடிப்பின் இடுக்கிலும் புகுந்து கீழே வெளியேறும்படி வழிநடத்துவதுதான் அந்தத் தகடுகளின் வேலை. வாய்க்காலின் கரையை உடைத்துவிட்டால் வயலுக்குத் தண்ணீர் அதிகமாகப் பாயும் என்று எவரும் நினைப்பதில்லை. என் காரில் நாங்கள் செய்தது அதைத்தான். எஞ்சின் அறையின் விளிம்பில் ஓடும் ரப்பர் பட்டைக்கும் இதே போன்ற பணி உண்டு. அது தேய்ந்து போனால், அடியில் வெளியேறிய வெந்த காற்றையே விசிறி மறுபடி உறிஞ்சும்.

இந்த அமைப்பில் குளிர்ச்சியில் எண்ணெய்க்கும் பெரும் பங்கு உண்டு. பீட்டிலுக்குத் தேவை இரண்டரை லிட்டர்தான். அது குறைந்தாலோ பழையதானாலோ வெப்பம் ஏறும். மெதுவாக நகரும் கூட்டத்தில் எஞ்சின் மெல்லச் சுற்றுவதால் விசிறியும் மெல்லத்தான் சுற்றும். வெப்பமானி கிடையாது. விசிறியையும் டைனமோவையும் ஒரே பெல்ட் ஓட்டுகிறது. ஆகவே டைனமோவின் சிவப்பு விளக்கு எரிந்தால், பெல்ட் அறுந்திருக்கலாம் என்று கருதி உடனே நிறுத்த வேண்டும். மின்சாரம்தானே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டியவர்கள் எஞ்சினை இழந்திருக்கிறார்கள். குறையில்லாத வடிவமைப்பு என்றும் சொல்ல முடியாது. எண்ணெய் குளிர்விப்பான் காற்றின் வழியிலேயே நின்றதால், அதன் பின்னால் இருந்த மூன்றாம் சிலிண்டருக்குச் சூடேறிய காற்றே கிடைத்தது. அதன் வால்வு கருகுவது பேர்போன நோய். 1971-ஆம் ஆண்டு மாடலில்தான் அந்தக் குளிர்விப்பானை விலக்கி வைத்தார்கள்.

இந்த யோசனைகள் எல்லாம் போர்ஷேயுடையவை அல்ல. செக்கோஸ்லோவாக்கியாவின் டாட்ரா நிறுவனத்தில் ஹான்ஸ் லெட்விங்கா இதே பாணியில் கார்களைச் செய்திருந்தார். டாட்ரா தொடுத்த வழக்கை, 1939-இல் அந்நாட்டை ஆக்கிரமித்து ஹிட்லர் அரசு முடித்துவைத்தது. வோல்க்ஸ்வாகன் இழப்பீடு கொடுத்தது 1960-களில்.

கார் வாங்குவதற்காக வாரந்தோறும் அஞ்சல்வில்லைபோல ஒட்டிச் சேமித்த ஜெர்மானியர்கள் சுமார் 3,36,000 பேர். போருக்கு முன் அவர்களில் ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. ஆலை ராணுவ வாகனங்களுக்குத் திரும்பியது. போர்ஷே 1937-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். பீரங்கி வண்டிகளையும் வடிவமைத்தார். அவர் நிர்வாகத்தில் இருந்த அந்த ஆலையில் போலந்து, சோவியத் நாட்டவரும் வதைமுகாம் கைதிகளும் கட்டாய உழைப்பில் வதைபட்டனர். அங்கே வேலை செய்த பெண்களிடமிருந்து பிரிக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகள், ரூஹென் என்ற ஊரில் ஆலை நடத்திய விடுதியில் நூற்றுக்கணக்கில் இறந்தனர். அதற்குப் பொறுப்பான ஆலை மருத்துவர் 1947-இல் தூக்கிலிடப்பட்டார்.

போர்ஷே அரசியல் அறியாத வெறும் பொறியாளர் என்ற வாதத்தை நான் நெடுநாள் நம்பினேன். இப்போது நம்பவில்லை. ஒரு எஞ்சினின் மூன்றாம் சிலிண்டர் எவ்வளவு சூடாகிறது என்று கவலைப்படத் தெரிந்தவருக்கு, தன் ஆலையில் யார், எப்படி வேலை செய்தார்கள் என்று தெரியாமல் இருந்திருக்க வழியில்லை.

1945 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் அவரைக் கைது செய்தார்கள். விசாரணை இன்றியே ஏறத்தாழ இருபது மாதம் சிறையில் இருந்து, உடல் நலிந்து, 1947 ஆகஸ்டில் வெளிவந்தார். அதற்குள் மகன் ஃபெரி, ஆஸ்திரியாவின் குமுண்ட் என்ற சிற்றூரில் ஒரு பந்தயக் காருக்கு வரைபடம் போட்டிருந்தார். 1948 ஜூனில் சாலை உரிமம் பெற்ற அந்த முதல் போர்ஷே 356 காரில் இருந்தது பீட்டிலின் 1,131 சிசி எஞ்சின்தான். திறனை மட்டும் 35 குதிரைத்திறனாக உயர்த்தியிருந்தார்கள். திறன் கூடினால் வெப்பமும் கூடும். அதன் பிறகு அந்த நிறுவனம் செய்ததெல்லாம், மேலும் மேலும் சூடாகும் எஞ்சினைக் காற்றாலும் எண்ணெயாலும் அடக்கி வைக்கும் முயற்சிதான். 1963-இல் அறிமுகமான 911 வரிசையில், 1998 வரை அந்த முறை நீடித்தது.

முதியவர் 1950 நவம்பரில், போருக்குப் பின் முதல்முறையாக வோல்ஃப்ஸ்பர்க் ஆலைக்குப் போனார். வழியெங்கும் பீட்டில் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதன் பின் பக்கவாதம் தாக்கியது. 1951 ஜனவரி 30 அன்று, தமது 75-ஆம் வயதில் காலமானார்.

என் காரின் தொலைந்துபோன தகடுகளுக்கு வெளிநாட்டில் சொன்ன விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. ராஜபாளையத்தில் ஒரு டிங்கரிங் பட்டறைக்காரர், எஞ்சினை அளந்து, அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு தகட்டில் அடித்துக் கொடுத்தார். இரண்டு நாள் வேலை. ஆளில்லாத பிற்பகலில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட்டிப் போய் வந்தேன். கோபுரம் தெரியும் இடத்தில் நிறுத்திப் பின்கதவைத் திறந்து கையை வைத்துப் பார்த்தேன். சூடு இருந்தது, அனல் இல்லை. ஆடிப்பூரக் கூட்டத்துக்குள் மட்டும் அந்தக் காரை இப்போது கொண்டுபோவதில்லை. அன்று பேருந்தில் போய்விடுகிறேன்.